இது யாருடைய முழங்கால்

கறை என்னிடம் முதன்முதலாகப் பேசியபோது நான் லிஃப்டுக்குள் தனியாக நின்று மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் திட்டுவதற்கு வேறு இடம் கிடையாது. சீட்டில் திட்டினால் பக்கத்து சீட்டுக்காரி காதில் விழும். பாத்ரூமில் திட்டினால் எதிரொலித்து நமக்கே திரும்பி வரும். தரைத்தளத்திலிருந்து எட்டாவது மாடிக்கு லிஃப்ட் போய்ச் சேரும் நேரம், ஒரு ஆளை அவன் பிறப்பிலிருந்து ஆரம்பித்துத் திட்டி முடிக்கச் சரியாக இருக்கும்.

"வாய் வலிக்கலையா உனக்கு?" என்றது ஒரு குரல்.

திரும்பினேன். கண்ணாடியில் நான் மட்டும் இருந்தேன்.

"மேல பாரு. இந்த மூலைல. ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? காலைல ஒழுங்கா சாப்பிட்டியா இல்லியா?"

கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஒரு கறை. உள்ளங்கை அளவு, தேநீர் சிந்திக் காய்ந்த நிறம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. கறையை யார் உற்றுப் பார்ப்பார்கள்? இப்போது அதன் ஓரங்கள் மெல்ல ஏறி இறங்கின. மூச்சு விட்டது.

பயந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

"யாரு நீ?"

"வெளியூரு," என்றது கறை. "ரொம்ப வெளியூரு."

நான் பௌதிகம் படித்தவள். அப்பா வகையிலும் அம்மா வகையிலும் முதல் டிகிரி என்னுடையது. வேற்றுக் கிரகத்திலிருந்து ஒரு உயிர் வந்தால் பகா எண்களைச் சொல்லும், ஒளியின் வேகத்தைச் சொல்லும் என்று எதிர்பார்த்திருந்தேன். இது நான் சாப்பிட்டேனா என்று கேட்டது.

எங்களுடையது மெத்தை கம்பெனி. தரைத்தளத்தில் ஷோரூம். வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மெத்தையாகப் படுத்துப் புரண்டு, கண்ணை மூடிப் பார்த்து, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போவார்கள். எட்டாவது மாடியில் நாங்கள். மெத்தை வாங்கி முதுகு பிடித்துக்கொண்டவர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் அடிப்பது என் வேலை. பதில் ஒன்றே ஒன்றுதான்: 'தங்கள் வலியை எங்கள் வலியாகவே உணர்கிறோம்.' ஒரு எழுத்தும் மாறக் கூடாது. அன்று காலை நான் ஒரு பெரியவருக்கு 'வேறு மெத்தை அனுப்புகிறோம்' என்று அடித்துவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தலையணை. எங்கே குத்தினாலும் உள்ளே போவார். கையை எடுத்ததும் பழையபடி உப்பிக்கொள்வார்.

"உணர்றோம்னு மட்டும் சொல்லும்மா," என்றார் இதமாக. "உணர்றதுக்கு செலவில்ல பாரு."

அதற்குத்தான் அந்தத் திட்டு.

அதே கட்டடத்தில் என் அம்மா தரை துடைக்கிறாள். எனக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வீட்டு வாசலிலேயே சட்டம் போட்டாள்.

"இதோ பாரு. கட்டடத்துக்குள்ள நீ யாரோ, நான் யாரோ. என்னைப் பாத்து சிரிக்கக் கூடாது. அம்மான்னு கூப்பிட்ட, சாயங்காலம் வீட்டுக்கு வருவல்ல, அப்ப இருக்கு உனக்கு."

"உன் பொண்ணுன்னு தெரிஞ்சா என்ன ஆயிடும்?"

"உன்னையும் 'இந்தாம்மா'ன்னு கூப்பிடுவாங்க."

அன்றிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரு நிறுத்தம் முன்னால் அவள் இறங்கிக்கொள்வாள்.

துப்புரவு ஆட்கள் லிஃப்டில் போகக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் லிஃப்டைத் துடைக்க வேண்டும். அதனால் அம்மா தினமும் காலையில் லிஃப்டுக்குள் நின்று, கதவு மூடாமலிருக்கப் பக்கெட்டை வாசலில் வைத்து, கண்ணாடி, பொத்தான், சுவர், கூரை மூலை எல்லாவற்றையும் பளிச்சென்று துடைப்பாள். துடைத்து முடித்ததும் வெளியே வந்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, படியேறி எட்டாவது மாடிக்கு வருவாள். இந்த விதியை எழுதியவன் மெத்தையில் படுத்துக்கொண்டுதான் எழுதியிருப்பான்.

மறுநாளிலிருந்து நான் சாப்பாட்டு இடைவேளையை லிஃப்டிலேயே கழித்தேன். மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டு கறையோடு பேசுவேன். அது பூமிக்கு வந்ததே நட்புக்காகத்தானாம். ஒரு கிரகத்துக்குப் போனால் அங்கே எல்லோரும் யாருக்குப் பணிகிறார்களோ அவரிடம் முதலில் பேச வேண்டும் என்பது அவர்கள் ஊர் முறை. வந்து சுற்றிப் பார்த்ததில் அதற்கு லிஃப்ட் தென்பட்டிருக்கிறது.

"எல்லாரும் அது முன்னாடி வந்து கை கட்டி நிக்கறாங்க," என்றது. "தலைய நிமித்தி அதோட நம்பரையே பாக்கறாங்க. தொப்புள அமுக்கினா வெளிச்சம் வருது. வாயைத் திறந்தா ஒவ்வொருத்தரா உள்ள போறாங்க. உள்ள போனதும் யாரும் யார்கிட்டயும் பேசறதில்ல, அவ்ளோ மரியாத. இதுக்கு மேல ஒரு ராஜாவுக்கு என்ன வேணும் சொல்லு?"

"அது மிஷின்."

"சும்மா சொல்லாத."

"கயிறு கட்டி இழுக்கற பெட்டி. உசுரே கிடையாது."

கறையின் ஓரங்கள் சுருங்கின. லிஃப்ட் ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது.

"வந்ததுல இருந்து அதுகிட்ட மனசத் திறந்து பேசிட்டிருக்கேன்," என்றது பிறகு. "எங்க குடும்ப விஷயம்லாம் சொல்லிட்டேன்."

நான் சிரித்தேன். அந்தக் கட்டடத்துக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப உள்ள வந்து போறீங்களே, நீங்கல்லாம்?"

"நாங்கதான் மனுஷங்க."

"நான் உங்கள அதோட சாப்பாடுன்னு நெனச்சேன். அதான் பேச்சுக் குடுக்கல. போற நேரத்துல பாவம், என்னத்தப் பேசறதுன்னு."

"பின்ன என்கிட்ட மட்டும் ஏன் பேசின?"

"நீ அதைத் திட்டின. ராஜாவையே நிக்க வச்சுத் திட்டற சாப்பாட்ட நான் எங்கயும் பாத்ததில்ல."

அதன் பிறகு கறை முறையாகக் கேட்டது: சிநேகமாகிக்கொள்ளலாமா? சிநேகமானால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

"எங்க ஊர்ல சிநேகம்னா, ஒருத்தர் உக்காந்தா எல்லாருக்கும் கால் ஓயும். ஒருத்தர் சாப்பிட்டா எல்லாருக்கும் ஏப்பம் வரும். வலி வந்தா, 'இது யாரோடது'ன்னு கேட்டுக்கிட்டே தேடிப் போவோம், கண்டுபிடிப்போம். அவ்ளோதான். வந்து தொடு."

நுனிக்காலில் நின்று விரலை வைத்தேன். ஈரத் துணியின் இளஞ்சூடு. அடுத்த கணம் நான் ஒரு பாறையின் மேல் பரவிக் கிடந்தேன். நான் என்றால் நான் மட்டுமில்லை. சரிவு முழுக்கக் கறைகள், ஓரத்தோடு ஓரம் தொட்டுக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கண் என்று எனக்கு ஒன்று இருந்ததா தெரியவில்லை. பாறையின் மறுபக்கத்தில், நான் பார்த்தேயிராத யாரோ ஒருவர் மேல் அன்றைய முதல் வெளிச்சம் விழுந்தது. நிழலில் கிடந்த எனக்கு முதுகு சூடானது. அந்தச் சூட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. வாங்கியதற்கு நன்றி சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நான் என்பது என் தோலோடு முடிகிறது என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அதுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எட்டாவது மாடியில் கதவு திறந்தது. தலையணை நின்றுகொண்டிருந்தார்.

"லன்ச் முடிஞ்சிருச்சும்மா."

சீட்டில் வந்து உட்கார்ந்து 'தங்கள் வலியை' என்று அடித்தேன். வலது முழங்காலுக்குள் யாரோ ஆணி இறக்கினார்கள். காலை நீட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி ஆணி. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அந்த இடைவெளி ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ளது என்று புரிய நேரமாயிற்று. உட்கார்ந்த இடத்திலேயே நான் படியேறிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் பக்கெட்டின் கம்பி அறுத்தது. பாதி வழியில் நின்று, சுவரில் தோளைச் சாய்த்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்தேன். கையில் சோப்புத் தூள் வாசம். அந்த வாசம் எனக்குத் தெரியும். அந்தக் கை குளிப்பாட்டித்தான் நான் வளர்ந்தேன்.

லிஃப்டுக்கு ஓடினேன்.

"எங்க அம்மாவ உனக்கு எப்படித் தெரியும்?"

"துடைக்கிறவங்களா? அவங்கதான என் முதல் சிநேகம்," என்றது கறை. "அந்தப் பெட்டி முழுங்காத ஒரே ஆளு, தினம் தொடறாங்களே. பேசக் கத்துக்கிட்டதே அவங்ககிட்டதான். 'போக மாட்டியா சனியனே'ன்னு ஆரம்பிப்பாங்க. தேய்ச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொல்வாங்க. நீ ரெண்டாவது வருஷம் கணக்குப் பேப்பர்ல கோட்டை விட்டது, திரும்ப எழுதி முதல் ஆளா வந்தது, சட்டுசட்டுனு கோபம் வரும் ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்ட, எல்லாம் தெரியும் எனக்கு. கடைசில 'என் பொண்ணு இதுலதான் ஏறிப் போவா, பளிச்சுனு இருக்கணும்'னு சொல்லிட்டுப் பக்கெட்டத் தூக்குவாங்க."

"இங்கயா? இந்தக் கட்டடத்துலயா என்னைப் பத்திப் பேசறாங்க?"

"உன்னைப் பத்தி மட்டும்தான்."

அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று பாத்திரம் கழுவினாள். நான் நேராகக் கேட்டேன்.

"முட்டி எப்படி இருக்கு?"

"யார் முட்டி?"

"டாக்டர்கிட்ட போனியா இல்லியா?"

"போனேன். படி ஏறக் கூடாதுன்னார். அவருக்கென்ன, கிளினிக்கு ரோட்டோட இருக்கு."

"நான் நாளைக்கு மேனேஜர்கிட்ட கேக்கறேன்."

அம்மா குழாயை மூடினாள். "வாயத் திறந்து பாரு. இந்த மாசம் உன்ன பர்மனென்ட் பண்ணப் போறாங்க. அது ஆகட்டும், அப்புறம் நான் வேலைய விட்டுட்டுக் கால நீட்டிப் படுத்துக்கறேன். அதுவரைக்கும் இந்த முட்டி தாங்கும். நான் சொன்னா தாங்கும்."

தாங்காது. அது எனக்குத் தெரியும். நான் அதற்குள் இருந்தேன்.

மறுநாள் காலை கறையிடம் போனேன். "இதை எல்லாருக்கும் திறந்து விட முடியுமா? இந்த லிஃப்டுல வர்ற எல்லாருக்கும்?"

"அவங்கல்லாம் உனக்கு சிநேகமா?"

"ரொம்ப," என்றேன். பச்சைப் பொய்.

"அதான பாத்தேன். அவ்ளோ ஒட்டி நிக்கறாங்க, ஒருத்தர் விட்ட மூச்ச இன்னொருத்தர் இழுக்கறாங்க. சிநேகமில்லாம யாராவது அப்படி நிப்பாங்களா?"

முதல் பலி லிஃப்ட் நிறைய ஆட்களாக வந்தது. நானும் உள்ளே இருந்தேன். கதவு மூடும்போது, வெளியே அம்மா பக்கெட்டோடு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். லிஃப்ட் கிளம்பியது. "ஐயோ," என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. கணக்குப் பிரிவு ஆள் சுவரைப் பிடித்தார். இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் தலையணையின் கால் மடங்கியது. எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது மெத்தை கம்பெனியின் மொத்த நிர்வாகமும் தவழ்ந்து வெளியே வந்தது.

திறந்துவிட்டதில் முழங்கால் மட்டும் வரவில்லை. கணக்குப் பிரிவு ஆளின் இறுக்கமான பெல்ட் எல்லோர் வயிற்றையும் வெட்டியது. யாரோ ஒருவருக்கு ஒன்றுக்கு வந்தால் தளமே எழுந்து பாத்ரூம் வாசலில் நின்றது. ஒருவர் போய் வந்ததும் மீதிப் பேர் குழப்பத்தோடு சீட்டுக்குத் திரும்பினார்கள். எனக்குத் தலையணைக்குள் போய்ப் பார்க்கும் ஆசை இருந்தது. அவ்வளவு நாள் திட்டியிருக்கிறேன், உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அரக்கனைத் தேடிப் போனேன். அங்கே ஒரு அரிப்புதான் இருந்தது. பேண்ட் இடுப்பில் லேபிள் உரசிக்கொண்டிருந்தது. லேசாகப் பசி. வேறு ஒன்றுமே இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் அதிகமானது. வஞ்சம் வைத்துச் செய்திருந்தாலாவது அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். இடுப்பு அரிக்கிற ஆளுக்கு என் அம்மாவைப் படியேற்றி என்ன ஆக வேண்டும்?

இனி ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். எல்லோருக்கும் வலிக்கிறது அல்லவா. எல்லோரும் முழங்கால் உறை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஏ.சி.யின் மேல் பழி போட்டார்கள். நாற்காலிகளின் மேல் போட்டார்கள். தலையணை நாற்காலி கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு புகார் அனுப்பினார். பதில் வந்தது: 'தங்கள் வலியை எங்கள் வலியாகவே உணர்கிறோம்.' அதைப் படித்துவிட்டு, "எவ்ளோ திமிரு பாருங்க," என்று எங்களிடமே காட்டினார். கடைசியாகப் படிக்கட்டுப் பக்கமிருந்து குளிர்காற்று வருகிறது, அதுதான் மூட்டைப் பிடிக்கிறது என்று முடிவு செய்து, ஜன்னல்களை அடைத்து விளக்குகளையும் கழற்றினார்கள். அம்மா இருட்டில் தடவித் தடவி ஏறினாள். வலி இரட்டிப்பானது. எல்லோரும் இன்னொரு உறை வாங்கினார்கள்.

"ஏன் யாருமே கேக்க மாட்டேங்கறாங்க?" என்றது கறை. அது உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தது.

"என்ன கேக்கணும்?"

"இது யாரோடதுன்னு. எங்க ஊர்ல வலி வந்தா முதல் கேள்வியே அதுதான்."

"இங்க வலி வந்தா 'எனக்கு வலிக்குது'ம்போம். அதோட கதை முடிஞ்சுது."

"அப்ப திறந்து விட்டும் ஒண்ணும் பிரயோஜனமில்லையா?"

"யாராவது வாயத் திறந்து சொல்லணும்," என்றேன். சொல்லும்போதே அந்த யாராவது யார் என்று தெரிந்துவிட்டது. பயம் வந்தது. அது என்னுடைய பயம்தான், சரிபார்த்தேன்.

முழங்கால் விவகாரம் பற்றிப் பேச எல்லோரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார்கள். தலையணை என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது முடிஞ்சதும் உன் பர்மனென்ட் விஷயத்தையும் பேசி முடிச்சிடலாம்மா. நல்ல பொண்ணு, பேசாம வேலையப் பாக்கற பொண்ணு."

எழுந்து நின்றேன்.

"அது எங்க அம்மா முழங்கால்."

"எது?"

"உங்களுக்கு வலிக்குதே, அது."

"எந்த அம்மா?" என்றார் கணக்குப் பிரிவு ஆள்.

"இந்தாம்மான்னு கூப்பிடுவீங்களே, அந்த அம்மா. லிஃப்டுல போகக் கூடாதுல்ல, அதனால இப்ப படி ஏறிட்டிருக்காங்க. உங்களுக்கும் மூச்சு வாங்குதா? ஆறாவது மாடித் திருப்பத்துல நிக்கறாங்க. இப்ப பக்கெட்ட இடது கைக்கு மாத்துவாங்க, பாருங்க."

மேஜையைச் சுற்றியிருந்த எல்லோருடைய இடது கையும் ஒன்றாக மடங்கியது. தலையணை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப மேல வந்துட்டாங்க. கதவத் தட்டுவாங்க."

தட்டும் சத்தம் கேட்டது. அம்மா மாப்பும் பக்கெட்டுமாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "தண்ணி எங்க கொட்டியிருக்கு?" என்றாள். யாரும் தண்ணீரைக் கொட்டியிருக்கவில்லை; ஆள் விட்டு அப்படிச் சொல்லி அனுப்பியவள் நான். ஆனால் அந்த அறையில் எல்லோரும் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்தார்கள். ஒரே நேரத்தில் அத்தனை நாற்காலிகள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து அவள் பயந்துபோய், ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்பாடா," என்றது நிர்வாகம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நிற்பதையும், என் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டாள். அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டில் தட்டை வைத்த சத்தம் ஒன்றுதான் பேச்சு.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதை இங்கே முடிய வேண்டும். ஆனால் தலையணை யோசித்துவிட்டார். அந்த ஆள் யோசித்து அதுவரை யாருக்கும் நல்லது நடந்ததில்லை.

ஒருவர் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஓய்வு. அப்படியானால் எல்லோரும் எதற்கு உட்கார வேண்டும்? மறுநாள் அம்மாவை மரியாதையாக ஷோரூமுக்கு அழைத்துப் போய், இருப்பதிலேயே நல்ல மெத்தையில் படுக்கச் சொன்னார்கள். இனி அவள் வேலை அதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை படுத்திருக்க வேண்டும். நாற்காலிகளை அகற்றினார்கள். சாப்பாட்டு இடைவேளையையும் எடுத்துவிட்டார்கள். கீழே ஓய்வு நடந்துகொண்டிருக்கும்போது மேலே எதற்கு என்றார் தலையணை. "பெரிய மனசு பண்ணி உங்க அம்மாவுக்குப் படுக்கற வேலையே குடுத்திருக்கோம், திருப்திதானம்மா?" என்று என்னிடம் வேறு கேட்டார். என் பர்மனென்ட் பற்றி மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான் நின்றுகொண்டே 'தங்கள் வலியை' என்று அடித்தேன். கால் வலிக்கவே இல்லை. அதுதான் அவமானமாக இருந்தது.

"இதுக்குத்தானா சிநேகம்னு சொன்ன?" என்று கறையிடம் கத்தினேன். "இதுக்குத்தானா அவ்ளோ தூரத்துல இருந்து வந்த?"

"இப்படி ஒரு யோசன எங்க ஊர்ல யாருக்கும் வந்ததில்ல," என்றது கறை மெதுவாக. "ஆனா நீ ஒண்ண மறந்துட்ட. ரெண்டு பக்கமும் திறந்திருக்கு. அவங்களுக்கும் உங்களதெல்லாம் போகும்."

கீழே அம்மா மெத்தையில் விறைப்பாகப் படுத்திருந்தாள். வாடிக்கையாளர்கள் அவளைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் அவள் முதுகுக்கடியில் கையை விட்டு மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். ஆணையின் பேரில் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? பெருக்காத தரை அவள் கண்ணிலேயே நின்றது. மதியம், வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து மூடியை அழுத்தினாள். பசித்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இதெல்லாம் பிறகு ஷோரூம் பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வயிற்றில் கையை வைத்து, காலியான டப்பாவைப் பார்த்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாளாம்:

"இது யாரோட பசி?"

அந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் அவள்தான். லிஃப்டுக்குள் என் தலைக்கு மேல் கறை முழுதாக விரிந்து, மூலையிலிருந்து பாதிக் கூரை வரை பரவியது. "கேட்டுட்டாங்க," என்றது. "கேட்டுட்டாங்கடி."

நான் கீழே போய்ச் சேர்ந்தபோது அம்மா செருப்பு மாட்டி, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கெட் நிறையத் தண்ணீர். மேலே எட்டு மாடிகளிலும் அந்தக் கனம் தெரிந்திருக்க வேண்டும். தலையணை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். பின்னால் மற்றவர்கள்.

"எங்கம்மா போறீங்க? லிஃப்ட் இருக்கே. உங்களுக்கு இல்லாத லிஃப்டா?"

"என் பொண்ணு காலைல இருந்து பட்டினி," என்றாள் அம்மா. அவள் குரல் படிக்கட்டில் மோதி மேலே மேலே போனது. என் பொண்ணு. எட்டு மாடிக்கும் கேட்டிருக்கும். "அவ பக்கத்து சீட்டுப் பொண்ணுக்குத் தலை சுத்துது. கணக்குப் பாக்கறவருக்கு சுகர் இருக்கு, கை நடுங்குது, யாராவது பாத்தீங்களா? இதெல்லாம் என் வயித்துல வந்து உக்காந்திருக்கு. நான் எப்படிய்யா படுப்பேன்?"

"நாளைக்குப் பேசிக்கலாம்மா..."

அம்மா வலது காலைத் தூக்கி முதல் படியின் மேல் பிடித்தாள். வைக்கவில்லை. படிக்கட்டு நெடுக ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள்.

"வைக்கட்டுமா?"

"வேணாம்," என்றார் தலையணை. இந்தத் தடவை அவர் உப்பவில்லை.

"நாற்காலி வரட்டும். சாப்பாட்டு நேரம் வரட்டும். என் பொண்ணு விஷயத்த என் முன்னாடி பேசு. எல்லாரும் சாப்பிடுங்க, அவங்கவங்க வாயால." என் பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி மரம் மாதிரி நிக்கற? அந்தப் பையில உனக்கு ஒரு டப்பா இருக்கு. எடு."

"கால கீழ விடும்மா, வலிக்கும்."

"எனக்குத் தெரியும். நீ சாப்பிடு."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. முதல் வாய் உள்ளே போனதும் தலையணைக்கு ஏப்பம் வந்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அம்மா அவரைப் பார்த்தபடியே நின்றாள். காலை இறக்கவில்லை.